முதல் பேஸில் நிற்பது யார்?

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனால் அந்த மைதானத்தின் கோடியில் நிற்கும் பையனை நமக்கு நன்றாகத் தெரியும். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றோரம் நிறுத்தப்படுபவன் அவன்தான். பந்து அவன் பக்கம் வருவது பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். அதுவரை புல்லைப் பிடுங்குவான், எறும்பு வரிசைக்குக் குறுக்கே குச்சி வைப்பான், ஆகாயத்தில் போகும் விமானத்துக்குக் கை காட்டுவான். கடைசியில் பந்து வரும்போது பத்துப் பேர் சேர்ந்து அவன் பெயரைக் கத்துவார்கள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாலு ரன் போயிருக்கும். மறுநாள் அவனை ஆட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

1990இல் அமெரிக்க உளவியல் ஏடு ஒன்றில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை இந்தப் பையனைப் பற்றியது. எட்டு வயதை ஒட்டியவர்கள் முதல் பத்தை எட்டாதவர்கள் வரை 17 சிறுவர்கள். அனைவருக்கும் ஏ.டி.எச்.டி. இதைக் ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு’ என்று தமிழில் நீட்டி எழுதுகிறோம். அந்தப் பெயரைப் படித்து முடிப்பதற்கே கொஞ்சம் கவனம் வேண்டியிருக்கிறது. சில நாள் அவர்களுக்கு இதற்கான மருந்தான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, சில நாள் உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எந்த நாள் எது என்று பையன்களுக்கும் தெரியாது, கூட நின்று பார்த்தவர்களுக்கும் தெரியாது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே கேள்வி வரும். இப்போது ஸ்கோர் என்ன? எத்தனை பேர் அவுட்? முதல் பேஸில் நிற்பது யார்?

மருந்து சாப்பிட்ட நாட்களில் பையன்களின் கவனம் ஆட்டத்தில் இருந்தது. ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பந்தை அடிப்பது, பிடிப்பது, எறிவது ஆகிய கைத்திறன்களில் மாத்திரையால் முன்னேற்றம் எதுவும் வரவில்லை. மாத்திரை கண்ணைத் திருப்பியது, கைக்கு எதையும் கற்றுத் தரவில்லை.

இந்த முடிவைவிட என்னை அதிகம் ஈர்த்தது ஆய்வு நடந்த இடம். குளிர்பதன வசதி செய்த பரிசோதனைக்கூடத்தில் இது நடக்கவில்லை. வெயிலில், புழுதியில், பிள்ளைகள் கூச்சல் போடுகிற ஒரு கோடை முகாமில் நடந்தது. ஏ.டி.எச்.டி. பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட முகாம்களில் கண்டறியப்பட்டதுதான்.

அதற்குக் காரணம் உண்டு. பையனை டாக்டரிடம் அழைத்துப்போன எந்தத் தாய்க்கும் இது அனுபவத்தில் தெரிந்திருக்கும். வீட்டில் அலமாரி மேல் ஏறுகிறவன், பள்ளியில் நாற்காலியில் ஐந்து நிமிடம் தரிக்காதவன், டாக்டர் அறையில் மட்டும் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருப்பான். ‘நல்ல பையனாத்தானே இருக்கான்?’ என்பார் டாக்டர். அம்மாவுக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருக்கும். 1981இல் எஸ்தர் ஸ்லீட்டர், ரினா உல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். மிகைச்செயல்பாடு இருப்பதாக உறுதியான குழந்தைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் மருத்துவர் அறையில் அதற்கான அறிகுறி எதையும் காட்டவில்லை. புது இடம், புது மனிதர், எதிரே உட்கார்ந்து தன்னையே பார்க்கிற பெரியவர் என்று அந்தச் சூழலே கவனத்தை இழுத்துப் பிடித்து வைத்துவிடுகிறது. குறைபாடு வெளிப்படுவது வரிசையில் நிற்கும்போது, தன் முறைக்குக் காத்திருக்கும்போது, தோற்றுப் போகும்போது, கூட்டாளி கிண்டல் செய்யும்போது. இதெல்லாம் நடக்கும் இடத்துக்கு ஆய்வாளர்தான் போக வேண்டும்.

போனவர் வில்லியம் பெல்ஹாம். 1980இல், ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் உளவியலாளராக இருந்தபோது, ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கென்று ஒரு கோடைச் சிகிச்சை முகாமைத் தொடங்கினார். பிறகு அவர் வேலை மாறிப் போன இடமெல்லாம் முகாமும் கூடவே போனது. பிட்ஸ்பர்க், பஃபலோ, கடைசியாக மயாமியில் உள்ள ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம். 2023இல் அவர் இறக்கும்வரை இந்த முகாம்தான் அவர் வாழ்க்கை என்று சொன்னால் மிகையில்லை.

முகாமின் கணக்கு எளிமையானது. எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. மொத்தம் 360 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் மனநல ஆலோசகரிடம் போகிற குழந்தை இதே அளவு நேரத்தைப் பெற ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். வயது ஒத்த பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குழு. அவர்களுக்குக் கூடவே இருக்க ஐந்து பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். நம் ஊராக இருந்தால் பிள்ளைகள் அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

காலையில் சிறிய கூடிப் பேசுதல். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது, பாராட்டுவது, விட்டுக்கொடுப்பது பற்றி. அப்புறம் நாளின் பெரும்பகுதி விளையாட்டு. கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், நீச்சல். நடுவே இரண்டு மூன்று மணி நேரம் வகுப்பறை. விளையாட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது பொழுதுபோக்குக்காக என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது வயதுப் பையன்களின் உலகத்தில் செல்லுபடியாகும் நாணயம் விளையாட்டுதான். ஏ.டி.எச்.டி. உள்ள பையன் பெரும்பாலும் ஆட்டத்தின் விதியை முழுக்கக் கேட்டிருக்க மாட்டான். தன் முறை வருமுன் ஓடுவான். தோற்றால் மட்டையை எறிவான். அதனால் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொள்ளாததால் ஆடிப் பழக வாய்ப்பில்லை. பழகாததால் இன்னும் மோசமாக ஆடுவான். முகாமில் இந்தச் சுழலை அறுக்கிறார்கள். பந்தை எப்படிப் பிடிப்பது என்பது முதல் தோற்றவன் ஜெயித்தவனுக்கு எப்படிக் கை கொடுப்பது என்பது வரை, பெருக்கல் வாய்ப்பாடு போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அச்சாணி புள்ளிக்கணக்கு. அண்ணன்மார் அக்காமார் கையில் அட்டையும் பேனாவும் இருக்கும். ஒருவன் இன்னொருவனுக்கு உதவினால் புள்ளி, சொன்னதைக் கேட்டால் புள்ளி. பேச்சில் குறுக்கிட்டால் புள்ளி போச்சு. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் இன்னும் போச்சு. இதை அந்த நிமிடமே, கோபமில்லாத, ஏற்ற இறக்கமில்லாத குரலில் அறிவிப்பார்கள். அடித்தால் கொஞ்ச நேரம் ஆட்டத்திலிருந்து ஒதுங்கி உட்கார வேண்டும். ஒழுங்காக உட்கார்ந்தால் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். மாலையில் ஒரு தினசரி அட்டை வீட்டுக்குப் போகும். வாரம் முழுக்கச் சேர்த்த புள்ளிக்கு வெள்ளிக்கிழமை வெளியே சுற்றுலா. பெற்றோருக்கும் வாரம் ஒரு மாலை வகுப்பு உண்டு. வீட்டில் கத்துவதை விட்டுவிட்டுக் கணக்கு வைக்கப் பழகுவதற்கு.

இதைப் படிக்கும்போது ‘இது லஞ்சம் இல்லையா?’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். ஒன்றாம் தேதி சம்பளம் வரவில்லை என்றால் எத்தனை பேர் இரண்டாம் தேதி வேலைக்குப் போவோம்? நமக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம், நம்மால் முப்பது நாள் காத்திருக்க முடிகிறது. அவர்களுக்கு முப்பது நிமிடமே ஒரு யுகம். பிரிட்டிஷ் உளவியலாளர் எட்மண்ட் சோனுகா-பார்க் 1990களில் இதை ஆராய்ந்தார். ‘இப்போது சிறிய பரிசு, பொறுத்திருந்தால் பெரிய பரிசு’ என்று சொன்னால் இந்தக் குழந்தைகள் சிறியதை எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்த விஷயம். ஆனால் சிறியதை எடுத்தாலும் மொத்தக் காத்திருப்பு குறையாது என்று ஏற்பாட்டை மாற்றியபோது, அவர்களும் பெரிய பரிசுக்குக் காத்திருந்தார்கள். ஆக, அடக்கமே இல்லாத பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. காத்திருப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கிறது. ‘பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்’ என்று ஐந்தாவது படிக்கிறவனிடம் சொல்வது அவன் காதில் ஏன் ஏறவில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம்.

மூளையிலும் இதற்குச் சாட்சி கிடைத்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஷா குழுவினர் 2007இல் ஏ.டி.எச்.டி. உள்ள 223 குழந்தைகளின் மூளைப் படங்களை, இல்லாத 223 குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறையான புறணி, வளரும் பருவத்தில் தடித்துப் பின் மெலியும். அதிகபட்சத் தடிமனைப் புறணியின் பாதி எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. மூன்று ஆண்டு பின்தங்கல். தாமதம் அதிகம் தெரிந்தது, நிதானித்து யோசிக்க உதவும் நெற்றிப் பகுதியில். வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, வேகம்தான் குறைந்திருந்தது. ஒரே ஒரு பகுதி மட்டும் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. உடலை அசைக்க ஆணையிடும் பகுதி அது. ஓட்டுநர் வந்து சேருமுன் எஞ்சின் கிளம்பிவிட்ட வண்டி மாதிரி.

புள்ளிக்கணக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க பெல்ஹாமின் சகாக்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். முகாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இரண்டு நாள் புள்ளி, அட்டை, பரிசு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தால் கூட இருந்த கல்லூரிப் பிள்ளைகள் மேல் பரிதாபம் வரும். வாரக்கணக்கில் கட்டியது மளமளவென்று சரிந்தது. சண்டை, குறுக்கீடு, விதிமீறல் எல்லாம் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் கணக்கைத் திரும்பத் தொடங்கியதும் முகாமும் பழைய நிலைக்குத் திரும்பியது. இதை வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். முறை பலிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் இல்லை. ஆனால் எட்டு வாரத்தில் குணமாகி வீட்டுக்குப் போய்விடுவான் என்று நம்பிய பெற்றோருக்கு இது கசப்பான செய்தி. மூக்குக்கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும், கழற்றினால் தெரியாது. அதற்காகக் கண்ணாடியை யாரும் குறை சொல்வதில்லை. கோடை முடிந்து பள்ளி திறக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தினசரி அட்டை முறையை ஆசிரியர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க பெல்ஹாம் அவ்வளவு பாடுபட்டது இதனால்தான்.

மாத்திரைக்கு வருவோம். முகாமில் பல ஆண்டுகள் நடந்த மருந்து ஆய்வுகளில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குழந்தைக்கு மருந்து, இன்னொரு குழந்தைக்கு வெற்று மாத்திரை என்று பிரிக்காமல், ஒரே குழந்தைக்கு நாளுக்கு நாள் மாற்றிக் கொடுப்பது. மருந்து நாளில் எத்தனை குறுக்கீடு, வெற்று நாளில் எத்தனை என்று அவனையே அவனோடு ஒப்பிடலாம். புள்ளிக்கணக்குக்காக எழுதிய தாள்களே ஆய்வுக்கான தரவாகவும் ஆகிவிடும். 48 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில் மூன்றுவித மருந்தளவுகளை, மூன்றுவிதக் கண்டிப்பு நிலைகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். கிலோ எடைக்கு 0.15, 0.3, 0.6 மில்லிகிராம், புள்ளிக்கணக்கே இல்லாத வாரங்கள், லேசாக உள்ள வாரங்கள், முழுமையாக உள்ள வாரங்கள். புள்ளிக்கணக்கு இருந்த வாரங்களில் மிகச் சிறிய மருந்தளவே போதுமானதாக இருந்தது. அது இல்லாத வாரங்களில் அதே பலனுக்குப் பெரிய அளவு தேவைப்பட்டது. மருந்து கூடினால் பசியின்மையும் தூக்கக் குறைவும் கூடும் என்பதால் இந்தக் கணக்கு பெற்றோருக்கு முக்கியம்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது 2022இல் வெளியான ஆய்வு. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையான 173 குழந்தைகள், முகாமின் வகுப்பறை. மூன்று வாரம் ஒரு பாடம், அடுத்த மூன்று வாரம் வேறு பாடம். ஒன்றை மருந்தோடு படித்தார்கள், மற்றதை வெற்று மாத்திரையோடு. சொற்களின் பொருள், அறிவியல், சமூக அறிவியல் என்று பள்ளியில் நடத்துவது போலவே நடத்தினார்கள். மருந்து நாட்களில் வகுப்பறையைப் பார்த்தால் ஆசிரியர் எவரும் மகிழ்ந்து போவார். நிமிடத்துக்குப் போடும் கணக்குகள் 37 சதவீதம் கூடின. விதிமீறல்கள் 53 சதவீதம் குறைந்தன. அமைதி, ஒழுங்கு, குனிந்த தலைகள். மூன்று வாரம் கழித்து என்ன கற்றார்கள் என்று சோதித்தால், இரண்டும் ஒன்று. மருந்தோடு படித்ததும் மருந்தில்லாமல் படித்ததும் ஒரே அளவுதான் மனதில் ஏறியிருந்தன. தேர்வன்று மருந்து சாப்பிட்டிருந்தால் மதிப்பெண் சிறிதளவு கூடியது. அது தேர்வு எழுதும் நேரத்துக் கவனத்தின் பயன்.

அதற்கு முப்பது ஆண்டுக்கு முன் பேஸ்பால் மைதானத்தில் கண்டதும் இதுவேதான். ஆட்டம் எங்கே நிற்கிறது என்று மாத்திரை காட்டும். பந்தைப் பிடிக்க யாராவது சொல்லித்தர வேண்டும். வகுப்பறை அமைதியாக இருந்தால் படிப்பு நடக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்வது ஏ.டி.எச்.டி. இல்லாத பிள்ளைகள் விஷயத்திலும் தவறாக இருக்கலாம் என்பது என் சொந்தச் சந்தேகம்.

இதை வைத்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். தெருவில் வண்டியைக் கவனிக்காமல் ஓடும் பிள்ளைக்கு அந்தக் கவனம் உயிரையே காப்பாற்றலாம். 1999இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடந்த மிகப் பெரிய ஒப்பீட்டு ஆய்வில், 14 மாத முடிவில், அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கொடுக்கப்பட்ட மருந்தே முந்தி நின்றது. பெல்ஹாமும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். அவருடைய கோடை முகாம் அதன் நடத்தைச் சிகிச்சையில் ஓர் அங்கம். அளவெடுத்த நேரத்தில் மருந்து தொடர்ந்துகொண்டிருந்தது, நடத்தைச் சிகிச்சையோ பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது, இது என்ன நியாயம் என்பது அவர் வாதம். மூன்றாம் ஆண்டில் திரும்பப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்திருந்தது. எது முதலில், எது பிறகு என்ற கேள்விக்கு 2016இல் 146 குழந்தைகளை வைத்து அவரே விடை தேடினார். நடத்தைச் சிகிச்சையில் தொடங்கித் தேவைப்பட்டால் மருந்தைச் சேர்த்த குழந்தைகள், மருந்தில் தொடங்கியவர்களைவிட வகுப்பில் குறைவாக விதி மீறினார்கள். மருந்தை முதலில் பெற்ற குடும்பங்களின் பெற்றோர் பின்னால் வந்த பயிற்சி வகுப்புக்கு அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்றால் மாலையில் வகுப்புக்குப் போக யாருக்குத் தோன்றும்?

கலிஃபோர்னியாவில் இன்னொரு முகாம் நடந்தது. அதை நடத்தியவர் ஸ்டீஃபன் ஹின்ஷா. அவருக்குப் புள்ளிக்கணக்கைவிட நட்பில்தான் ஆர்வம். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத சிறுவர்கள், சிலருக்கு ஏ.டி.எச்.டி. உண்டு, சிலருக்கு இல்லை. யாருக்கு எது என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாக, ‘யாரோடு சேர விருப்பம், யாரோடு வேண்டாம்?’ என்று கேட்டார்கள். எத்தனை நாள் கழித்து? முதல் நாள் முடிவிலேயே. சில மணி நேரப் பழக்கத்தில் ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்கள் ‘வேண்டாம்’ பட்டியலில் ஏறிவிட்டிருந்தார்கள். 1994இல் எர்ஹார்ட், ஹின்ஷா இருவரும் வெளியிட்ட இந்த ஆய்வில், ஒதுக்கப்படுவதற்குக் காரணம் அழகோ, அறிவோ, விளையாட்டுத் திறமையோ அல்ல. அடிப்பதும் சொன்னதைக் கேட்காமல் கலைப்பதும்தான் பெரும் காரணங்கள் என்று தெரிந்தது. அதைவிடக் கொடுமை, ஒருமுறை விழுந்த முத்திரை சுலபத்தில் போவதில்லை. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் பிறந்தநாள் விழா அழைப்பு வராத வேதனை, ஒரே பகல் பொழுதில் மைதானத்தில் உருவாவதை ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆய்வுகள் பையன்களைப் பற்றியவை. பெண் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. வருவது அபூர்வம் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. அலமாரி மேல் ஏறாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்? 1997, 98, 99 ஆகிய மூன்று கோடைகளில் ஹின்ஷா பெண் குழந்தைகளுக்கென்றே ஐந்து வார முகாம்கள் நடத்தினார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள். குறைபாடு உள்ளவர்கள் 140 பேர், இல்லாதவர்கள் 88 பேர். முகாம் முடிந்தும் அவர் அவர்களை விடவில்லை. அந்தச் சிறுமிகள் பெரியவர்களாகும்வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேடிப்போய்ச் சந்தித்துவந்தது அவர் குழு. வெளியே தெரிந்த துறுதுறுப்பு பலருக்கு வயதோடு குறைந்தது. ஆனால் படிப்பிலும் வாழ்க்கையிலும் பட்ட அடிகள் குறையவில்லை. குறிப்பாக, சிறுவயதில் பரபரப்பும் கவனச்சிதறலும் சேர்ந்திருந்த பெண்களிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்ததை 2012இல் அவர்கள் அறிவித்தார்கள். ‘பொண்ணுதானே, கொஞ்சம் கனவு காண்கிற சுபாவம், சரியாகிவிடும்’ என்று சொல்வோரிடம் காட்ட வேண்டிய ஆய்வு இது.

அதே முகாம்களிலிருந்து வந்த ஆறுதலான செய்தியும் உண்டு. முகாமில் யாரெல்லாம் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானார்கள் என்று பார்த்தபோது, குறைந்தது ஒரு தோழியாவது இருந்த சிறுமிக்கு ஆபத்து குறைந்திருந்தது. கூட்டத்தில் செல்வாக்கு, புகழ் எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு தோழி போதும்.

இதுவரை கவனத்தைப் பற்றியே பேசினோம். ஏ.டி.எச்.டி.யும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கத் திணறுகிற டிஸ்லெக்சியா குழந்தை வகுப்பில் கவனிக்காமல் போவதில் வியப்பு என்ன இருக்கிறது? அவர்களுக்கான கோடை முகாம்கள் இன்னும் பழையவை. டயானா ஹான்பரி கிங் என்ற ஆசிரியை 1955இல் அமெரிக்காவில் தொடங்கிய டனாபெக் முகாம் அவற்றில் ஒன்று. நீச்சலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே, ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று நாள்தோறும் பாடம். எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் எழுதிப் பழகும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை. இதைப் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராமல் போகாது. மணலில் விரல் வைத்து ‘அ’ எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் படித்தார்கள் நம் பாட்டன்மார்.

அப்படிப்பட்ட தீவிரப் பயிற்சி மூளைக்குள் என்ன செய்கிறது என்று 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹூபர், ஜேசன் யீட்மன் குழுவினர் பார்த்தார்கள். வாசிக்கத் திணறும் 24 குழந்தைகள், ஏழு முதல் பன்னிரண்டு வயது. கோடையில் எட்டு வாரம், நாளுக்கு நான்கு மணி நேரம் வாசிப்புப் பயிற்சி. இடையிடையே மூளைக்கு எம்.ஆர்.ஐ. படம். அவர்கள் தேடியது மூளையின் வெள்ளைப் பொருளை, அதாவது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் கம்பிக்கட்டுகளை. இந்தக் கம்பிகள் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் மாறுபவை என்றே எண்ணியிருந்தார்கள். இங்கே முதல் சில வாரங்களிலேயே மாற்றம் தெரிந்தது. அதுவும் வாசிப்புக்கென்று நாம் குறித்து வைத்திருக்கும் பாதைகளோடு நிற்காமல், பரவலாக. கோடை முடியும்போது குழந்தைகளின் வாசிப்பு சராசரியாக ஒரு வகுப்பு அளவுக்கு உயர்ந்திருந்தது.

இத்தகைய 160 மணி நேரப் பயிற்சியை எல்லாக் குடும்பமும் வாங்கிவிட முடியாது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து பேர் என்ற கணக்கும் செலவு பிடித்தது. ஜப்பானில் கியூஷூ தீவில் உள்ள குருமே நகரத்தில் யூஷிரோ யமாஷிதா என்ற குழந்தை மருத்துவர் 2005இல் பெல்ஹாமின் முகாமைக் கொண்டுவந்தபோது எட்டு வாரம் என்பது நடக்காத காரியமாக இருந்தது. ஜப்பானியப் பள்ளிகளுக்கு அவ்வளவு நீண்ட கோடை விடுமுறை கிடையாது. இரண்டு மூன்று வாரமாகச் சுருக்கிக்கொண்டார்கள். உள்ளூர் ஆசிரியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் சேர்ந்து, ஒரு பள்ளிக் கட்டடத்திலேயே நடத்தினார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே இது முதல் முயற்சி.

நம் ஊரில் மே மாதம் வந்தால் தெருவுக்கு ஒரு சம்மர் கேம்ப். செஸ், கராத்தே, நீச்சல், ஓவியம், அபாக்கஸ். அவற்றில் ஒன்றை நடத்துகிறவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். இருபது பிள்ளைகளில் ஒருவன் வரிசையைக் கலைப்பான், நீங்கள் சொல்லி முடிக்குமுன் ஓடுவான். மூன்றாம் நாள் அவன் அப்பாவை அழைத்து, பணத்தைத் திருப்பித் தந்து அனுப்பிவிடத் தோன்றும். அதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். அவன் சரியாகச் செய்யும் ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் அந்த நொடியே, பெயர் சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். முதல் நாளே, மற்றவர்கள் தங்களுக்குள் முடிவெடுப்பதற்குள், பொறுமையான ஒரு பிள்ளையாகப் பார்த்து அவனுக்கு ஜோடி சேர்த்துவிடுங்கள்.